ஜெனியின் இரண்டு அலுமினியப் பெட்டிகள்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு வேலையைப் பற்றி ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். வண்டிகளுக்கும் பெட்டிகளுக்கும் மேலே ஒட்டுகிற வினைல் தாளை எப்படி வெட்டுவது, எவ்வளவு சூடு காட்டுவது, மூலையில் எந்தப் பக்கமாக இழுப்பது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை உங்கள் விரல்கள் தாமாகவே கற்றுக்கொள்ளும். என் விரல்களும் அப்படித்தான் கற்றன. இப்போது அவை மரத்துப் போய்விட்டன. சட்டைப் பொத்தான் போடவே நேரம் எடுக்கிறது. அதனால்தான் வேலையை விட்டேன்.

விரல்கள் கற்றுக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது. அதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். இதில் வரும் மூன்று பேரில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. மூன்றாமவரிடம் கேட்டு, அவர் சொல்லலாம் என்ற பிறகுதான் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் மன்னாரிலிருந்து இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்து, மற்றவர்களைப் போலவே வீடுகளில் துப்புரவு வேலை செய்தவள். போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் இருந்த பழைய கடைக்கும் கூட்டித் துடைக்கத்தான் போனேன். அதன் முதலாளி படகுகளில் பெயர் எழுதிப் பழகிய ஒரு சிசிலியர். ஒட்டுகிற ஆள் ஒருநாள் வராமல் போக, வினைலின் மறுநுனியைப் பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அன்றைக்குப் பிடித்ததுதான்.

அந்த நாட்களில் ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் மாட்டுகிற அலுமினியப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் முழுவதும் தார் ரோட்டில் உரசிய கீறல். "என் தம்பியுடையது" என்றார். "தம்பியுடையதாக இருந்தது" என்று உடனே திருத்தினார். முதலாளி கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன நிறம் வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். அந்த மனிதர் போனதும், ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். முதலாளி சிசிலிய மொழியில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்: "அவன் துக்கம் சொல்ல வரேல்லை. பெட்டி கொண்டுவந்தவன். எல்லாரும் கேக்கத் தொடங்கினால் அவன் போற கடையிலையெல்லாம் அழவேண்டி வரும்."

பல வருடங்கள் அந்த ஒரு சொல்லை வைத்தே வேலை செய்தேன். பெட்டியோடு வருகிறவரிடம் பெட்டியைப் பற்றி மட்டும் பேசு. ஜெனி தன் பெட்டிகளைக் கொண்டுவரும் வரைக்கும் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜெனி நம் கோவில் பங்கில் வளர்ந்த பிள்ளை. பலேர்மோவிலேயே பிறந்தவள். தகப்பன் மரியதாஸ் அண்ணை ஒரு வக்கீலின் வீட்டில் வேலை செய்தார். தாய் பிலோமினா அக்கா கால்சாப் பகுதியில் ஒரு கிழவியைப் பராமரித்தார். எங்கள் பெண்களில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவளாக எனக்குத் தெரிந்தது அவள் ஒருத்திதான். அதிகம் கதைக்க மாட்டாள். கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். வடக்கே ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்காகச் சனிக்கிழமை இரவு ஜெனோவாக் கப்பலில் போக இருந்தாள்.

அப்போது குளிரும் மழையுமான மாரிக்காலம். வடக்கில் பனிக்கு வீதியெல்லாம் உப்புத் தூவுவார்கள். உப்புப் பட்டால் வெறும் அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து அரிக்கத் தொடங்கும். அவளுடைய பெட்டிகள் ஏற்கனவே யாரோ பாவித்தவை. "அன்ரி, இதுக்கு ஒரு தோல் போட்டுத் தாங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். முதலாளி அந்தக் கிழமை முழுவதும் மகளின் வீட்டுக்குப் போயிருந்தார். கடை என் பொறுப்பில் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டிகளையும் ஒட்டி முடித்தேன். கடையில் சூடாக்கி கிடையாது. சுவரெல்லாம் ஈரம். சனிக்கிழமை காலை வந்து பார்த்தபோது ஒரு பெட்டியின் கீழ் மூலையில் வினைல் எழும்பி நின்றது. குளிரில் பசை பிடிக்கவில்லை. அது யாருடைய பிழையுமல்ல. அந்த மாதத்தில் நடக்கிறதுதான். அந்த மூலையை உரித்து, துடைத்து, வேறு துண்டு வைத்துச் சூடு காட்டி ஒட்டலாம். ஆனால் ஒட்டிய பிறகு அது ஒருநாளாவது அசையாமல் கிடக்க வேண்டும். உடனே மழையிலும் காற்றிலும் ஓடினால் மறுபடியும் எழும்பும். எழும்பிய வழியால் உப்புத் தண்ணீர் உள்ளே போனால், ஒட்டாமல் விட்டதை விட மோசம்.

நான் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் மரியதாஸ் அண்ணை உள்ளே வந்தார். வேலைக்குப் போகிற உடுப்போடு வந்திருந்தார். கதவைச் சாத்தினார்.

"தங்கச்சி, பெட்டி முடிஞ்சுதோ?"

"ஒரு மூலை எழும்பிட்டுது அண்ணை. திருப்பி ஒட்டவேணும்."

அவர் குனிந்து அந்த மூலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"அப்ப இண்டைக்குக் குடுக்க ஏலாது எண்டு சொல்லுங்கோவன்."

எனக்கு விளங்கவில்லை. கதிரையை இழுத்துவிட்டேன். அவர் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னார். பிலோமினா அக்காவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் தசை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை முடிவு வரும். "நல்லதா வராது தங்கச்சி. டொத்தற்றை முகத்தைப் பாக்கவே தெரிஞ்சது." பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவாள் என்று, சொல்லக் கூடாதென அக்கா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"நான் வாய் திறக்க ஏலாது. பெட்டி இல்லாட்டில் அவள் போகமாட்டாள், சாமான் முழுக்க அதுக்குள்ளைதானே போகவேணும். ரெண்டு நாள் பிந்தினால் காணும். முடிவு வரேக்கை அவள் வீட்டிலை நிப்பாள். பிறகு அவளே பாத்து முடிவெடுக்கட்டும். நீங்கள் பொய் சொல்லவேண்டாம். மூலை எழும்பியிருக்குத்தானே. அதை மட்டும் சொல்லுங்கோ."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இந்தத் தொழிலில் உங்களை யாரும் பெரிய பொய் சொல்லக் கேட்க மாட்டார்கள். ஒரு உண்மையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் கேட்பார்கள். மூலை எழும்பியிருந்தது உண்மை. ஒருநாள் கிடக்க வேண்டும் என்பது உண்மை. "திங்கள் வா" என்று நான் சொன்னால் உலகத்தில் ஒருவரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

பிலோமினா அக்காவை எனக்குத் தெரியும். கோவிலில் எனக்கு முன்னால் உள்ள வாங்குப் பலகையில் இருப்பவர். மெலிந்துகொண்டு வந்ததைக் கண்டிருந்தேன். தவக்காலத்து உபவாசத்தை முன்னதாகவே தொடங்கிவிட்டீர்களோ என்று பகிடி கூட விட்டிருந்தேன். அவர் சிரித்தார்.

நான் என்னையே ஒரு கேள்வி கேட்டேன். இந்தப் பெட்டி முன்பின் தெரியாத ஒரு ஜெர்மன்காரனுடையது என்று வைத்துக்கொள். இன்றிரவு கப்பல் என்று அவன் சொல்கிறான். நீ என்ன சொல்வாய்? பதில் உடனே வந்தது. கப்பலில் வண்டி கீழ்த்தட்டில் நிற்கும். அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை. ஒரு இரவும் பகலும் அசையாமல் கிடக்கும். கடையை விட அங்கே சூடு அதிகம். பசை பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அவனிடம் நான், "இப்பவே திருத்தித் தாறன், கொண்டுபோ" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்படியென்றால் ஜெனியிடம் வேறு பதில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நெருக்கடியில் நிற்கும்போது, இதே பொருளை வேறு ஒருவர் கொண்டுவந்திருந்தால் என்ன சொல்வேன் என்று கேளுங்கள். அந்தப் பதில் சரியாக இருக்கும். ஆனால் சரியான பதில் உங்களைக் காப்பாற்றும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

"அண்ணை, என்னாலை ஏலாது," என்றேன். "இது இண்டைக்குப் போகக்கூடிய பெட்டி. ஏலாது எண்டு சொன்னால் நான் அவளின்ரை வேலையைப் பறிக்கிறன்."

"வேலை பெரிசோ தாய் பெரிசோ?"

"அதை அவளிட்டைக் கேளுங்கோ. என்னட்டை இல்லை. மத்தியானம் பெட்டி எடுக்க வருவாள். நீங்கள் இஞ்சையே நில்லுங்கோ. நான் ஏதும் சாட்டுச் சொல்லிப்போட்டு வெளியிலை போறன். ரெண்டு பேரும் கதையுங்கோ."

"சத்தியம் பண்ணிக் குடுத்தனான்."

"சத்தியத்தை உடைக்கிறதெண்டால் நீங்கள்தான் உடைக்கவேணும் அண்ணை. என்ரை கையாலை உடைக்கக் கேக்காதேங்கோ."

அவர் போகவில்லை. மூலையில் கதிரையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பழைய துண்டை உரித்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். புதுத் துண்டை வெட்டிச் சூடு காட்டி மூலையைச் சுற்றி மடித்தேன். அவர் முழு நேரமும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை பிழையாகிவிட வேண்டும் என்று ஒருவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருக்க, பிழை வராமல் வேலை செய்ததை நான் மறக்கவில்லை.

மத்தியானம் ஜெனி வந்தாள். தகப்பனைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள்.

"அப்பா ஏன் இஞ்சை?"

"சும்மா. பெட்டி பாக்க வந்தனான்."

நான் சந்தைப் பக்கம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருமுனைக் காப்பிக் கடையில் ஒரு காப்பியை வாங்கி, ஆறவிட்டுக் குடித்தேன். மீன்காரர்கள் கடையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வீதியெல்லாம் தண்ணீர். எங்கள் கடையில் பெரிய அழுகை நடக்கும், இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், பிறகு அவளே வந்து "அன்ரி, பெட்டி கிடக்கட்டும்" என்று சொல்வாள் என்றெல்லாம் நினைத்தேன்.

திரும்பி வரும்போது கடைக்கு முன்னால் ஜெனியின் குரல் கேட்டது. பூட்டு இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் விட வேண்டும், ஜெனோவாவில் எந்த வாசலால் வெளியேறுவது, தொழிற்சாலையில் இத்தனை மணிக்குச் சாப்பாடு, தங்குமிடத்தில் ஒரு சார்டினியப் பெண்ணோடு அறை என்று மூச்சு விடாமல் கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் அவ்வளவு கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. புது வேலைச் சந்தோசம் என்று நினைத்தேன். மரியதாஸ் அண்ணை இரண்டாவது பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் கீழே குனிந்து கொளுவியை மாட்டினாள். ஒருமுறை அவர் வாயைத் திறந்தார். "பிள்ளை" என்றார். அவள், "அப்பா, அந்தப் பக்கம் கொஞ்சம் உயத்துங்கோ" என்றாள். அவர் உயர்த்தினார்.

நான் ஜெனியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மூலை எழும்பியது, திருப்பி ஒட்டியிருக்கிறேன், கப்பலில் தொடாதே, இறங்கியதும் விரலால் தடவிப் பார், எழும்பியிருந்தால் அன்றைக்கு மழையில் ஓடாதே. அவள் தலையாட்டினாள். என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸ் போல இருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

அவள் போனாள். மரியதாஸ் அண்ணை என்னைப் பார்க்காமல் வேலைக்குப் போனார்.

திங்கட்கிழமை வந்த முடிவு அவர் பயந்தது போலவே இருந்தது. பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு பிலோமினா அக்கா எழும்பவில்லை. பிள்ளைக்கு அப்போதுதான் சொன்னார்கள் என்று பங்கில் பேசிக்கொண்டார்கள். ஜெனி விமானத்தில் வந்தாள். கடைசி நாட்களில் தாயின் பக்கத்தில் இருந்தாள். வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அக்காவை அடக்கம் செய்தோம்.

அடக்கத்தன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் என்னோடு பேசவில்லை. கல்லறையில் ஒருத்தி என் காதுபட, "ரெண்டு நாள் பிந்தச் சொல்லி அந்த மனிசன் கெஞ்சினதாம். ஸ்டிக்கர் ஒட்டுறதிலை அவவுக்கு அவ்வளவு அவசரமாம்" என்றாள். மரியதாஸ் அண்ணை எல்லோருக்கும் சொல்லியிருந்தார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து ஜெனி கடைக்கு வந்தாள். கறுப்புச் சட்டை. நான் எழுந்து நின்றேன். திட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த மூலை இன்னும் பிடிச்சுக்கொண்டு நிக்குது அன்ரி," என்றாள்.

"இரு பிள்ளை."

இருந்தாள்.

"அப்பா உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரியிறார். எனக்குத் தெரியும்."

"பறவாயில்லை. அவருக்கு இப்ப யாரையாவது கோவிக்கவேணும்."

"அன்ரி, எனக்கு முதலே தெரியும்."

நான் அவளைப் பார்த்தேன்.

"நான் கப்பலேற முதல்நாள், வெள்ளிக்கிழமையே அம்மா எனக்குச் சொல்லிப்போட்டா. குசினியிலை வைச்சு. 'நீ நிண்டால் நான் உன்ரை முகத்தைப் பாத்துப் பாத்தே செத்துப்போவன். நீ போய் வேலையிலை சேந்திட்டாய் எண்டு கேட்டால்தான் நான் மருந்து குடிப்பன்' எண்டவ. அப்பாக்குத் தெரியக்கூடாது எண்டும் சொன்னவ. தான் சத்தியத்தைக் காப்பாத்தினதா அவர் நினைக்கட்டுமாம்."

"அப்ப அண்டைக்கு இஞ்சை..."

"வாசலிலை அவரைக் கண்டவுடனை விளங்கிட்டுது, சொல்லத்தான் நிக்கிறார் எண்டு. அவர் சொன்னால் நான் போயிருக்கமாட்டன் அன்ரி. அம்மா சொன்னதைத் தாங்கினன். அப்பா அழுதால் தாங்கமாட்டன். அதுதான் வாய் மூடாமல் கதைச்சன். அவருக்கு ஒரு இடைவெளியும் விடேல்லை."

அவள் அழவில்லை. மேசையில் கிடந்த வினைல் துண்டு ஒன்றை எடுத்து மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"நான் தெரிஞ்சுகொண்டுதான் போனனான் எண்டு அப்பாக்குத் தெரியக்கூடாது. நீங்கள் ஆரிட்டையும் சொல்லாதேங்கோ. உங்களைத்தான் பேசுவினம். எனக்குத் தெரியும். ஆனாலும் கேக்கிறன்."

நான் யோசித்தேன். யோசிக்காமல் சரி என்று சொன்னேன் என்றால் அது பொய். இந்த ஊரில் நமக்கிருப்பது நம் ஆட்கள்தான். அவர்கள் முகம் திருப்பினால் கதைக்க ஆளில்லாமல் ஞாயிற்றுக்கிழமை நீண்டுவிடும். ஆனால் ஒரு வசனம் சொல்லி என்னைக் கழுவிக்கொண்டால், அந்த அழுக்கு முழுவதும் இந்தப் பிள்ளையின் தலையில் கொட்டும். தாய் சாகிறாள் என்று தெரிந்தும் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவள் என்று பெயர் வரும். தகப்பனே அவளை அப்படிப் பார்க்கத் தொடங்குவார்.

"சரி," என்றேன்.

அதன் பிறகு சில வருடங்கள் அப்படியே போயின. மரியதாஸ் அண்ணை வீதியில் என்னைக் கண்டால் மறுபக்கம் கடந்து போவார். கோவிலில் நான் இருக்கிற வரிசையில் இருக்க மாட்டார். ஒருமுறை பூசையில் சமாதானம் சொல்ல நான் நீட்டிய கையைத் தொடாமல் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கணவர் கூட, "நீ அண்டைக்குக் கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கலாம்" என்றார். அவரிடமும் நான் சொல்லவில்லை. கடைக்கு நம் ஆட்கள் கொண்டுவருகிற வேலை குறைந்தது. முதலாளி காரணம் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை.

கோபம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. சில ஞாயிறுகளில் பூசை முடியும்போது எழுந்து நின்று சத்தமாகச் சொல்லிவிட வேண்டும் போல இருக்கும். பிறகு வெளியே வந்து துறைமுகப் பக்கமாக நடந்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

போன மாரியில் ஜெனி தொலைபேசினாள். அப்பா ஆஸ்பத்திரியில், நெஞ்சில் தண்ணீர் கட்டிவிட்டது, நான் வடக்கிலிருந்து வந்து நிற்கிறேன், அவர் உங்களைக் கேட்கிறார் என்றாள். போனேன். ஜெனி அறைக்கு வெளியே சுவரோடு சாய்ந்து நின்றாள். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கதவை மட்டும் திறந்துவிட்டாள்.

அவர் மிகவும் சின்னதாகிப் போயிருந்தார். மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் கையை அசைத்து இருக்கச் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கித்தான் கதைத்தார்.

"தங்கச்சி. எல்லாருக்கும் உங்களைச் சொன்னன். ஆனால் எனக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருக்கவேணும். அவள் எனக்கு முன்னாலை நிண்டவள். நீங்கள் நேரமும் தந்தீங்கள். எனக்கு வாய் வரேல்லை." கண்ணை மூடித் திறந்தார். "அவள் ஒண்டும் தெரியாமல் போனாள். சிரிச்சுச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு போனாள். அதுதான் என்னைத் தின்னுது."

கதவின் மறுபக்கத்தில் அவள் நிற்கிறாள். நான் ஒரு சொல் சொன்னால் அவரை இத்தனை வருடம் தின்றது இறங்கும். அந்த இடத்தில் வேறொன்று வந்து ஏறும். அதைச் சுமக்க அவருக்கு நாட்களும் இல்லை.

"ஆனாலும் தங்கச்சி," என்றார், "நீங்கள் அண்டைக்கு ரெண்டு நாள் பிந்தியிருக்கலாம்."

"ஓம் அண்ணை," என்றேன். "பிந்தியிருக்கலாம்."

அவர் என் கையைத் தேடினார். கொடுத்தேன். விரல் மரத்திருந்ததால் அவர் எவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.